பச்சை சன்னல் பங்களாவுக்கு ஒரு நட்சத்திரம்

“பேய் சூப்பர், ஆனா ரொம்பக் கம்மியா வருது.” என்று ஒருத்தர் எழுதியிருந்தார். “பேய்க்கு இன்னும் கொஞ்சம் வெறி ஏத்துங்க ரைட்டர்” என்று இன்னொருத்தர். “பத்து அத்தியாயம் ஆச்சு, இந்தப் பேய் ஒரு ஆளைக்கூடக் கொல்லலை, போர். மூணு நட்சத்திரம்” என்று மூன்றாவது ஆள்.

அந்தப் பேய் என் அம்மா. பெயர் மெஹர்னிசா, வயது ஐம்பத்தொன்று. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் வீட்டு மாடியறையில், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உயிரோடு உட்கார்ந்திருக்கிறாள். யாரையும் கொல்லாத குற்றத்துக்கு அவளுக்கு இரண்டு நட்சத்திரம் குறைத்திருக்கிறார்கள்.

ஆத்திரத்தில் முன்னுக்குப் பின் சொல்கிறேன். முதலிலிருந்து வருகிறேன்.

என் அத்தா ஹபிபுல்லா எளாவூர் செக்போஸ்ட் பக்கம் கடை வைத்து லாரிக்காரர்களுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்றுக்கொண்டிருந்தார். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, கடையில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். கையில் அம்மா கொடுத்தனுப்பிய ஃப்ளாஸ்க்கின் மூடி இருந்தது, அதில் பாதி டீ. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து அம்மா இத்தா இருக்கிறாள். கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டுப்படி தாண்டாமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல், பூவும் நகையும் இல்லாமல் இருப்பாள். எங்கள் பக்கத்தில் வெள்ளைச் சேலைதான். இதில் மர்மம் ஒன்றுமில்லை. எங்கள் ஆட்கள் வீட்டில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த சங்கதி.

எங்கள் மாடிச் சன்னலோ தெருவைப் பார்த்தது. அதனால் அத்தா கடையில் மிச்சம் கிடந்த நீலத் தார்ப்பாய் ஒன்றை எடுத்துவந்து மடித்துச் சன்னலுக்குக் குறுக்கே நானே கட்டினேன். காற்று வர ஒரு சாண் இடைவெளி மட்டும் விட்டேன். கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் என்று எந்த ஆம்பளை வாசலுக்கு வந்தாலும், நான் படிக்கட்டில் நின்று மேலே பார்த்துக் குரல் கொடுப்பேன். அம்மா உள்ளே நகர்ந்துகொள்வாள். மூன்று வேளையும் தட்டு எடுத்துக்கொண்டு மேலே போவேன். இப்படித்தான் ஓடியது எங்கள் நாலு மாதம்.

நான் ஹுமைரா. சிப்காட்டில் கார்களுக்கு ஒயர் கட்டித் தருகிற கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் பஸ் ஊர் ஊராகச் சுற்றி எல்லாப் பெண்களையும் அள்ளிக்கொண்டு போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பக்கத்து சீட் ரம்யா இந்தக் கதையைக் காட்டினாள். செல்போனில் தொடராக வருகிற கதை. வாரம் ஒரு அத்தியாயம். பெயர் ‘பச்சை சன்னல் பங்களா’, எழுதுகிறவர் ‘நிலாத்துளி’. மலைமேல் ஒரு பழைய பங்களா, அதில் வெள்ளைச் சேலை கட்டிய பேய், துப்புத் துலக்கப் போகிற மூன்று பிளஸ் டூ மாணவர்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு எழுதியதை இருபத்தைந்து வயதில் வாயைப் பிளந்துகொண்டு படித்தேன். வீட்டில் அழுகை, கம்பெனியில் ஒயர், நடுவில் எனக்கென்று இருந்தது அந்த முக்கால் மணி நேரம் மட்டும்தான்.

படித்ததோடு நின்றேனா என்றால் இல்லை. ‘பேய்ப்பிரியை’ என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே முதல் கருத்து நான்தான் போடுவேன். ஐந்து நட்சத்திரம், இரண்டு பத்தி ஆராய்ச்சி. கதையில் பேய்க்குத் தட்டு கொண்டுபோகிற பெண் ஒருத்தி வருவாள். யாராவது மாடி ஏறினால் முன்கூட்டியே குரல் கொடுத்துப் பேயை ஒளிந்துகொள்ளச் சொல்வாள். அவளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. “அந்தத் தட்டு தூக்குற பொண்ணு சரியான மக்கு, அடுத்த அத்தியாயத்துலயே பேய் அவளை முடிச்சிடட்டும்” என்று எழுதினேன். தொண்ணூற்றாறு பேர் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒன்பதாவது அத்தியாயத்தில் அந்த மாணவர்கள் பேயின் சன்னலுக்குக் கீழே வந்து நிற்கிறார்கள். சன்னலில் நீலத் தார்ப்பாய். அதில் ஒரு சாண் இடைவெளி, இடைவெளியில் ஒரு கண். தார்ப்பாயின் மூலையில் வெள்ளை பெயின்டில் மர்மமான ஒரு குறியீடு: H 24-18. 

பஸ்ஸில் அந்த வரியைப் பெரிதாக்கி மறுபடி படித்தேன். ஹெச் என்பது ஹபிபுல்லா. இருபத்து நாலு அடிக்குப் பதினெட்டு அடி என்பது தார்ப்பாயின் அளவு. அத்தா தன் கையால் ஒவ்வொரு தார்ப்பாயிலும் எழுதிவைப்பது அது. கீழே வாசகர்கள் மூளையைக் கசக்கியிருந்தார்கள். “24ஆம் தேதி, 18 வயசுப் பொண்ணு ஒருத்தி செத்திருக்கா” என்று ஒருவர் கண்டுபிடித்திருந்தார். “ஹெச்னா ஹெல், நரகம்” என்று ஒரு மேதாவி. என் அத்தா சரக்குக்குப் போட்ட அளவை வைத்துக்கொண்டு நாற்பது பேர் நரகத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று வேலையில் மூன்று தப்புப் பண்ணி சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. எங்கள் தெருவிலேயே யாரோ அந்த அத்தியாயத்தையும் எங்கள் சன்னலையும் சேர்த்துப் படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? காலேஜ் பிள்ளைகள் வண்டியில் வந்து எங்கள் வாசலில் செல்ஃபி எடுத்தார்கள். ஒருத்தன் பேய் எட்டிப் பார்க்கட்டும் என்று சின்னக் கல்லை விட்டெறிந்தான். நான் துடைப்பத்தோடு ஓடினேன். அந்த ஓட்டத்தையும் வீடியோ எடுத்து, ‘தட்டு தூக்குற பொண்ணு நிஜத்தில்’ என்று போட்டார்கள்.

அம்மாவின் இத்தா முடிந்ததும் கீழ் அறைகளைக் கம்பெனிப் பெண்களுக்கு விடுவதாக இருந்தோம். ரம்யாவும் இன்னும் மூன்று பேரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவளே பஸ்ஸில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், அவள் அம்மா வேண்டாம் என்றுவிட்டாராம். நீ கூடவா நம்புகிறாய் என்று கேட்டேன். நம்பவில்லையாம், ஆனால் எதற்கு வம்பு என்றாள். அவள் பக்கத்திலிருந்து எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்தேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பதினோராவது அத்தியாயம்தான் பொறுக்க முடியாததாகிவிட்டது. அதில் மாணவர்கள் பங்களாச் சமையலறையில் விஷ பாட்டில் ஒன்றைக் கண்டெடுக்கிறார்கள். பேயின் கணவன் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே செத்தவன் என்று தெரிகிறது. டீயில் கலந்தது யார்? வெள்ளிக்கிழமை மாலை கடைசி அத்தியாயம், தவறாமல் படியுங்கள் என்று முடித்திருந்தார்கள்.

அதே வெள்ளிக்கிழமை காலைதான் என் அம்மாவுக்கு இத்தா முடிகிறது. குளித்து, வெள்ளையைக் கழற்றி, நாலு மாதத்துக்குப் பிறகு தெருவில் கால் வைக்கப்போகிறாள். அவள் கால் வைக்கிற தெரு எப்படி இருந்தது தெரியுமா? பால் பூத் குப்பம்மாள், எனக்குப் பத்து வருடமாகப் பால் ஊற்றுகிறவர், பாக்கெட்டை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“பாய் டீ குடிக்கசொல்லதான செத்துப்போனாரு? ஃப்ளாஸ்க் ஊட்லருந்துதான போச்சு?”

நான் பாலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் அம்மா வாசலைத் தாண்டும்போது இந்தத் தெரு முழுக்க அவளைக் கொலைகாரி என்று பார்க்கும். கடைசி அத்தியாயம் வருவதற்குள் அதை நிறுத்தியாக வேண்டும். எனக்கு இருந்தது இரண்டு நாள்.

நிலாத்துளியைத் தேட நான் துப்பறியும் பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. எங்கள் சன்னலின் அந்த ஒரு சாண் இடைவெளிக்கு உள்ளே நடப்பதும் தார்ப்பாயின் மூலையும் சேர்ந்து தெரிகிற இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான், எதிர்வீட்டு மாடி பால்கனி. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் பள்ளிப்பட்டிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி அங்கே குடிவந்தார்கள். புருஷன் குப்புராஜுக்கு ரோலிங் மில்லில் ஷிஃப்ட் வேலை. அந்த அக்கா பெயர் சந்திரகலா. துணி காயப்போடும்போது இரண்டு தடவை என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். சிரித்துக்கொண்டே என் வீட்டைப் பேய்வீடாக்கியிருக்கிறார்.

புதன்கிழமை கம்பெனி விட்டு நேராக அங்கேதான் ஏறினேன். கதவைத் திறந்தவர் உள்ளே வா என்பதற்குள் ஆரம்பித்துவிட்டேன். நீங்கள்தானே நிலாத்துளி என்றேன். அவர் முகம் அப்படியே பூரித்துப்போனது. படித்தீர்களா, பிடித்திருந்ததா என்று கேட்டார். அந்த வெட்கமில்லாத சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது.

“அக்கா, அது பேய் இல்ல. எங்க அம்மா. எங்க அத்தா மௌத்தானதுக்கு இத்தா இருக்காங்க. புருஷன் செத்த துக்கத்துல ஒருத்தி உக்காந்துக்கினு இருக்கறத பால்கனில நின்னு வேடிக்கை பாத்து நட்சத்திரம் வாங்கினு இருக்கீங்க நீங்க.”

அவருக்குப் புரிய நேரம் ஆயிற்று. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குடிவந்த புதிதில் வீட்டுச் சொந்தக்காரரிடம் விசாரித்தாராம். பாய் செத்துப்போனார், இப்போது பெண் மட்டும்தான் போக வர இருக்கிறது என்று சொன்னாராம் அந்த மகானுபாவர். அப்படியானால் மாடியில் வெள்ளைச் சேலையில் தெரிவது யார்? வாசலில் ஆம்பளை வந்தால் மறைகிறது, தெருப்பக்கம் வருவதே இல்லை, பெண் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போகிறாள். புருஷன் ஷிஃப்டுக்குப் போனபின் தனியாக இருந்து பயந்து பயந்து, கடைசியில் பயம் போக எழுத ஆரம்பித்தாராம். பள்ளிப்பட்டில் தங்கள் தெருவில் ஒரு முஸ்லிம் வீடுகூட இல்லை, இத்தா என்ற வார்த்தையையே இன்றுதான் கேட்கிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் வீட்டுக் கதவைத் தட்ட எத்தனை அடி தூரம் என்று கேட்டேன்.

தெரியாமல் எழுதியதையாவது மன்னிப்பேன், டீயில் விஷம் வைத்தாள் என்று எழுத எப்படி மனசு வந்தது, என் அத்தா எப்படிச் செத்தார் என்று விசாரித்து எழுதினீர்களா என்று கத்தினேன். அப்போதுதான் அவரும் குரலை உயர்த்தினார்.

“நைனா மேல சத்தியமா அது என் யோசனை இல்ல. அந்த ஆளு எப்பிடி செத்தான்னு மொதல்ல நான் எழுதவே இல்ல. அத படிக்கறவங்கதான் சொன்னாங்க. இரு, காட்டறேன்.”

செல்போனை எடுத்து ஆறாவது அத்தியாயத்துக் கருத்துகளைத் தள்ளித் தள்ளி ஓர் இடத்தில் நிறுத்தி என்னிடம் நீட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு விருப்பங்கள்.

“புருஷனை இவளேதான் டீயில விஷம் வெச்சுக் கொன்னிருப்பா. அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் வெளியே வரமாட்டேங்கறா. நான் சொன்னது நடக்கலைன்னா பாருங்க.” எழுதியது பேய்ப்பிரியை. எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது.

சந்திரகலா அக்கா சொல்லிக்கொண்டே போனார். இந்தப் பேய்ப்பிரியைதான் அவருக்கு முதன்முதலில் நட்சத்திரம் போட்டவளாம். முதல் மூன்று வாரம் வேறு யாரும் ஒரு வார்த்தைகூட எழுதவில்லையாம். இவள் இல்லையென்றால் நாலாவது அத்தியாயத்தோடு நிறுத்தியிருப்பாராம். அவள் சொன்னதும் இத்தனை பேர் ஆமாம் போட்டதும் பார்த்துவிட்டு, கதையை அப்படியே கொண்டுபோய்விட்டாராம். அவள் யாரோ எங்கேயோ நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வாராம்.

அந்தப் பேய்ப்பிரியை நான்தான் என்று சொல்லவில்லை. கோழை. கடைசி அத்தியாயத்தை மாற்றுங்கள், அவள் யாரையும் கொல்லவில்லை, இத்தா என்றால் என்ன என்று எழுதுங்கள் என்று மட்டும் சொன்னேன். பதினோராவதில் பாட்டிலை எடுத்துவிட்டார்களே, எப்படி மாற்றுவது என்று அழுதார். எப்படியாவது மாற்றுகிறேன், வாசகர்கள் திட்டினால் திட்டட்டும், உங்க அம்மா காலில் வேண்டுமானாலும் வந்து விழுகிறேன் என்றார். நான் கேட்க வந்தது கிடைத்துவிட்டது. ஜெயித்துவிட்டு இறங்குகிறவள் ஏன் பாதிப் படியில் நின்று செல்போனை எடுக்க வேண்டும்?

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் செய்தவள் நான். அந்தக் கருத்தைப் படியில் நின்றபடியே அழித்தேன். அழித்து என்ன பிரயோசனம், ஊரே படம் எடுத்து வைத்திருக்கிறது. பஸ் சத்தத்தில், ரம்யாவோடு சிரித்துக்கொண்டே, இரண்டு நிமிஷத்தில் தட்டியது அது. ஆனால் டீ எங்கிருந்து வந்தது? ஒருவனைக் கொல்லக் கதையில் ஆயிரம் வழி இருக்கிறது. மலை இருக்கிறது, கிணறு இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது. எனக்கு டீதான் வந்தது. அத்தாவின் ஃப்ளாஸ்க் மூடியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கழுவி வைத்தவள் நான். அந்த மூடி என் மண்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதை எடுத்து முன்பின் தெரியாத ஜனங்களுக்கு விளையாடக் கொடுத்திருக்கிறேன். குப்பம்மாளைத் திட்டினேன், ரம்யாவைத் திட்டினேன், கல்லெறிந்தவனைத் துரத்தினேன். முதல் கல் என்னுடையது. என்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் தட்டு எடுத்துக்கொண்டு மேலே போனேன். அம்மா அஸர் தொழுதுவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். கையில் தஸ்பீஹ் மணிமாலை இல்லை, செல்போன் இருந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு, அந்தக் கதையைப் படித்துவிட்டேன் என்றாள். பழவேற்காட்டுச் சொந்தக்காரர்கள் குரூப்பில் ஒரு வாரமாக ஓடுகிறதாம். பதினோரு அத்தியாயமும், கீழே எழுதியிருந்தவர்கள் கருத்தும், ஒன்று விடாமல் படித்திருக்கிறாள். அவளுக்கு வேறென்ன வேலை இருந்தது அந்த அறையில்.

எதிர்வீட்டு அக்காவிடம் பேசிவிட்டேன், முடிவை மாற்றப்போகிறார் என்று அவசரமாகச் சொன்னேன். அம்மா அதைப் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. பெண் நன்றாகத்தான் எழுதுகிறாள் என்றாள். வெள்ளைச் சேலை தரையில் புரள இரவெல்லாம் நடந்தாள் என்று போட்டிருக்கிறாள், இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான் எங்கே நடந்தேன் என்று லேசாகச் சிரித்தாள். தட்டு தூக்குகிற பெண்ணை எல்லாரும் ஏன் அப்படித் திட்டுகிறார்கள், கதையிலேயே நல்லவள் அவள்தானே என்றும் சொன்னாள். நான் தட்டைக் கீழே வைத்தேன்.

பிறகு அவள் குரல் மாறியது.

“டீல போட்டத அவங்களுக்கு யாரு சொன்னது?”

யாரும் சொல்லவில்லை, அது வெறும் கற்பனை, கண்டதையும் எழுதுவார்கள் என்றேன்.

“நான் போட்டேன், ஹுமைரா. டாக்டரு சக்கரையே கூடாதுன்னாரு. மூணு மாசமா சப்புன்னு குடிச்சாரு. அன்னிக்கி காலைல, ஒரே ஒரு நாளு மெஹரு, ருசியா ஒரு டீ குடுன்னு கேட்டாரு. ரெண்டு ஸ்பூன் போட்டு ஃப்ளாஸ்க்குல ஊத்திக் குடுத்தேன். நாலு மாசமா அல்லாகிட்ட மட்டுந்தான் சொல்லிக்கினு இருக்கேன். உன்கிட்டகூடச் சொல்லல. முன்ன பின்ன தெரியாத ஒருத்தருக்கு எப்பிடித் தெரிஞ்சுது?”

இரண்டு ஸ்பூன் சர்க்கரையில் யாரும் சாகமாட்டார்கள், அவருக்கு ஏற்கெனவே அடைப்பு இருந்தது, டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னார் என்று நான் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேய்ப்பிரியையின் அந்த வரியை யாரோ படமெடுத்து குரூப்பில் போட்டிருந்தார்கள். அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். அல்லாவே ஆள் வைத்து எழுதச் சொன்னது போல வாசித்தாள். இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் சாகிற வரைக்கும் அதை அப்படித்தான் வாசிப்பாள்.

“அது நான் எழுதினதும்மா,” என்றேன். “பேய்ப்பிரியை நான்தான். நம்ம ஊடுன்னு தெரியாம எழுதிட்டேன். விளையாட்டுக்கு.”

அம்மா செல்போனைப் பாயில் கவிழ்த்து வைத்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள், ரொம்ப நேரம் துடைத்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அழுவாள் என்று நின்றேன். தெருவில் சிப்காட் பஸ் ஒன்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அந்தச் சத்தம் ஓயட்டும் என்று காத்திருந்து, சோறு வெந்துவிட்டதா என்று கேட்கிற அதே சாதாரணக் குரலில் சொன்னாள்.

“நாளைக்கு வெளிய வந்தா தெருவ நான் பாத்துக்குவேன். உன் மூஞ்சியத்தான் எப்பிடிப் பாக்கறதுன்னு தெரியல.”